தாழ்ப்பாளும் என் கணவரின் ‘ஹ்னெத்’தும்

சர்ர்... சர்ர்... இருட்டில் வாசல் கதவை ஏதோ உரசியது.

மணி ஐந்துதான். டிசம்பரில் எங்கள் ஓரவா மலைப்பக்கம் நாலரைக்கே இருட்டிவிடும். தொட்டிலில் குழந்தை தூங்கியது.

"ஏங்க, சத்தம் கேக்குதா?"

"காத்துடி." என் கணவர் ப்ளாஷெய் டிவியில் ஐஸ் ஹாக்கியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"அந்தத் தாழ்ப்பாளை மாட்டித் தொலைங்களேன்!"

"ஹ்னெத்!"

எங்கள் ஸ்லோவாக் மொழியில் அதற்கு ‘இதோ, இந்த நிமிஷமே’ என்று பொருள். கன்னிமாடப் பள்ளியில் சிஸ்டர் பெனிக்னா ‘ஹ்னெத்’ என்றால், வாய்க்குப் போன சூப்புக் கரண்டி பாதியிலேயே இறங்கிவிடும். என் வீட்டு ஹ்னெத்துக்கு மூன்று மாதம் முடிந்திருந்தது. செப்டம்பரில் பழைய தாழ்ப்பாள் உடைந்தது. புதியது நாலு திருகாணிகளோடு ஜன்னலோரம் தவம் கிடந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பிளம் மரத்தைக் கரடி முறித்த அன்றும் "ஹ்னெத்"தான். நான்தான் ராத்திரிதோறும் கோஸ் ஊறும் பீப்பாயைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு விழித்துக் கிடந்தேன்.

கடைசியில் பக்கத்து வீட்டு வில்மா அக்காவிடம் அழுதேன்.

"வியாழக்கிழமை லூசியா நாள்டி. நான் வரேன். உன் ஆளு தானா ஸ்க்ரூ முடுக்குவான் பாரு!"

லூசியா அன்று எங்கள் பெண்கள் வெள்ளைத் துணி போர்த்தி, முகத்தில் மாவு பூசி, வாத்துச் சிறகோடு வீடு வீடாகப் போய்ச் சூனியத்தைப் பெருக்கித் தள்ளுவார்கள். ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். கரடிக்கே அசையாத ப்ளாஷெய்க்குச் சின்ன வயதிலிருந்தே லூசியா என்றால் குலைநடுக்கம்.

வியாழன் இரவு கதவு மெல்லத் திறந்தது. தலை முதல் கால் வரை வெள்ளை. ஏற்பாடு செய்தவள் நான். ஆனாலும் என் கை ஜபமாலையைத் தேடியது.

"மாதாவே!" ப்ளாஷெய் சோபா மேல் ஏறிவிட்டார். உருவம் தொட்டிலைச் சுற்றிப் பெருக்கியது. அவர் மூக்கைச் சிறகால் ஒரு தடவு தடவியது. வந்தது போலவே போய்விட்டது.

"அடியே, திருப்புளி எங்கடி?"

மூன்று மாத வேலை ஏழே நிமிஷத்தில் முடிந்தது!

"நீ உள்ளே தாழ் போடு. நான் வெளியேருந்து தள்ளிப் பாக்கறேன்" என்று வீட்டுச் செருப்போடு பனியில் இறங்கினார்.

கதவைச் சாத்தினேன். போன் அடித்தது. வில்மா அக்கா.

"ஒட்டிலியா, கோச்சுக்காதடி! வாத்துச் சிறகைக் காணோம். சாயங்காலம் பூரா தேடறேன். இன்னும் வீட்டை விட்டே கிளம்பல..."

அப்படியானால் என் குழந்தையைச் சுற்றிப் பெருக்கியது யார்?

தாழ்ப்பாளைப் போட்டேன். சிஸ்டர் பெனிக்னா மெச்சும் வேகத்தில்.

வெளியே தடார் தடார் என்று இரண்டு இடி.

"பிரமாதம்டி! கரடி முட்டினாலும் அசையாது. சரி, தொற. காலு விறைக்குது... ஏய், வேலியோரமா யாரோ வெள்ளையா நிக்கறாங்கடி! தொறடி!"

"ஹ்னெத்!" என்றேன்.