பிரேக் அண்ணை பறந்த கதை

டென்மார்க்கில் ஓடுகிற எதையும், ஏன், ஓடாத சோபாவையும்கூட, ஒரே மிதியில் நிறுத்தக்கூடிய மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் பிராண்டே ஊரின் பிரேக் அண்ணை.

தொழில், கார் ஓட்டப் பழக்குவது. பழக்குகிறவரின் பக்கமும் ஒரு பிரேக் உள்ள கார். இருபது வருடம் அதை மிதித்து மிதித்து, வலது கால் அவருடைய சொல்லைக் கேட்பதை விட்டுவிட்டது. கோப்பன்ஹேகன் ரயிலில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் மிதிப்பார். ரயில் நின்றதும் பெருமையாகச் சுற்றிப் பார்ப்பார். வைலேயில் ஒரு கல்யாணத்தில் கெட்டிமேளம் வேகமெடுத்ததும் மிதித்தார். அட்சதை போட எழுந்த முன்வரிசைப் பெண்ணின் சேலை அவர் காலடியில் நின்றது. பெண் நிற்கவில்லை.

என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் லைசென்ஸ் இல்லாத எனக்கு அவர் அண்ணை. அவருக்கு நான் அக்கா.

எனக்கு அப்போது தலைபோகிற அவசரம். வயதானவர்களை வீடு வீடாகச் சைக்கிளில் போய்ப் பராமரிக்கும் வேலை. குளிர் தொடங்குவதற்குள் லைசென்ஸ் இல்லாவிட்டால் வேலையும் இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டாள். நானோ இரண்டு தரம் ஃபெயில். நான் மிதிக்கவேண்டிய இடத்திலெல்லாம் அண்ணையே மிதித்துப் பழக்கியதில், பரீட்சையில் என் கால் அவருடைய காலுக்காகக் காத்திருந்தது.

"அண்ணை, ஒருக்கா என்னை மிதிக்க விடுங்கோவன்!"

"விடுறன் அக்கா, விடுறன். இந்தச் சந்தி மட்டும் நான்."

அது முடிந்தால் அடுத்த சந்தி.

அந்தக் கோடையில், ஊருக்கு வெளியே ஒரு புல்வெளியில் பழைய விமானங்களைக் காட்டினார்கள், விரும்பியவர்களை ஏற்றியும் பறந்தார்கள். அண்ணையும் நானும் போனோம். யென்ஸ் என்ற டெனிஷ் கிழவர் தன் மஞ்சள் நிற யுங்மன் விமானத்தோடு நின்றார். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில், விமானம் ஓட்டப் பழக்குவதற்கென்றே ஜெர்மன்காரர் கட்டியது. இரண்டு அடுக்குச் சிறகு, அதற்குத் துணிப் போர்வை, கூரையில்லாத இரண்டு இருக்கை. பழகுகிறவன் பின்னால், பழக்குகிறவர் முன்னால் என்று யென்ஸ் சொன்னதுதான் தாமதம், அண்ணை முன்னால் ஏறிவிட்டார்.

"இது என்ர சீற் அக்கா. கேட்டனீங்கள்தானே?"

யென்ஸ் முன்யோசனையோடு முன்னிருக்கையின் கைப்பிடித் தண்டைக் கழற்றி வைத்தார். கால்மிதிகளை அப்படியே விட்டுவிட்டுப் பின்னிருக்கையில் ஏறினார். பாவம், அண்ணையின் காலைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? நான் சொல்ல வாயெடுப்பதற்குள் எஞ்சின் முழங்கியது.

விமானம் அழகாகத்தான் எழுந்தது. கீழே வயல் சந்தியில் வலப்பக்கத்தால் ஒரு டிராக்டர் வந்தது. வலப்பக்கத்தால் வருகிறவனுக்கு வழிவிட வேண்டும் என்பது இங்கே சட்டம். அண்ணை மிதித்தார்.

விமானத்தில் அந்த மிதி பிரேக் அல்ல, மூக்கைத் திருப்புவது. வழிவிட வேண்டிய விமானம் டிராக்டரை நோக்கியே திரும்பியது. யென்ஸ் நேராக்கினார். அண்ணை இன்னும் பலமாக மிதித்தார். டிராக்டர்காரன் குதித்துச் சோளத்துக்குள் ஓடினான்.

ஒருவழியாகத் தரையிறங்கியபோது அண்ணை முழங்கால்களை நெஞ்சோடு கட்டிப்பிடித்தபடி இருந்தார்.

"என்னண்ணை நடந்தது?"

"காலை எடுக்காட்டி ரெண்டுபேரும் சாவம் எண்டு கத்தினார் அக்கா. தூக்கி வச்சிட்டன். ஒண்டும் செய்யேலாமல் இருக்கிறது எவ்வளவு பயம் தெரியுமே? ஆனா மனுசன் தானே இறக்கிப்போட்டார்." கட்டியிருந்த முழங்கால்களை மெல்ல விட்டார். "உங்களுக்கும் நான் இந்தக் கரைச்சல்தான் குடுத்தனானோ?"

"ஓம்," என்றேன்.

அடுத்த வகுப்பில் அண்ணை காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றிப் பின்சீற்றில் எறிந்துவிட்டு, சீற்றில் சம்மணம் கட்டி உட்கார்ந்தார். சந்தி வந்தது. வலப்பக்கத்தால் ஒரு லொறி. அண்ணை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். நான் மிதித்தேன்.

"நிண்டிட்டுதோ?"

"நிண்டிட்டுது அண்ணை."

"நான் மிதிக்கேல்லை அக்கா!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்றாம் தரம் பாஸ், வேலையும் தப்பியது.

அண்ணை இப்போது மகளோடு கோப்பன்ஹேகன் பக்கம் ஹ்விடோவ்ரேயில் இருக்கிறார். இந்தப் பக்கம் வந்தால் ஸ்டேஷனில் அவரைக் காரில் ஏற்றுவது நான்தான். ஏறியதும் சப்பாத்தைக் கழற்றி, கால்களை மடித்து வைத்துக்கொண்டு, "போங்கோ அக்கா" என்பார். ரயிலில் இன்னமும் மிதிக்கிறாராம். மகளின் காரிலும் மிதிக்கிறாராம். என் காரில் அண்ணை நித்திரை கொள்கிறார்.