சிகரம் இறங்கி வந்த வரலாறு

மலை ஏறிய மனிதர்கள் உலகெங்கும் உண்டு. மலையையே இறங்கி வரச் செய்த மாவீரர்கள் நாங்கள் மட்டுமே.

இது தற்புகழ்ச்சி அன்று. மலைநடை மற்றும் பாதை பேணும் மன்றத்தின் செயலாளன் என்ற பொறுப்புணர்ச்சியோடுதான் சொல்கிறேன். மற்ற ஊர்களில் மனிதன் மூச்சிரைக்க, முட்டி தேய, சிகரத்தைத் தேடிப் போகிறான். சிகரமோ கொஞ்சமும் கூச்சமின்றி நின்ற இடத்திலேயே நிற்கிறது. உயரத்தில் பிறந்துவிட்டோம் என்ற ஒரே ஆணவம்! அந்த ஆணவத்தை எங்கள் ஊரில் அடக்கினோம். இங்கே மனிதன் உட்கார்ந்த இடத்துக்குச் சிகரம் வந்து சேரும்.

மன்றம் தோன்றுவதற்கு முந்தைய காலத்தை 'இருண்ட காலம்' என்றே குறிக்க வேண்டும். அப்போது ஞாயிறுதோறும் நாலைந்து பேர் அரிவாளும் மண்வெட்டியுமாகக் கிளம்புவார்கள். பாதையில் நீண்ட முள்ளை வெட்டுவார்கள். மழைநீர் பாதையை அறுக்காமல் ஓரமாக இறங்கிப் போகச் சிறு வாய்க்கால் கீறுவார்கள். உச்சி வரை போய், மறுபுறம் இறங்கி, அங்குள்ளவர்களோடு ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவார்கள். தலைவர் இல்லை, தீர்மானம் இல்லை, பதாகை இல்லை. பாதை மட்டுமே இருந்தது. என்ன அநாகரிகம்!

இந்த அவலத்தைக் கண்டு கொதித்தெழுந்துதான் மன்றம் கண்டோம். தபால் நிலையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரைத் தலைவராக்கினோம். நல்லவர், அதிகம் பேசாதவர், அதனால் அவர் சார்பில் நாங்கள் அனைவரும் பேச வசதியானவர். குறை என்று சொன்னால் இடது முழங்காலில் கொஞ்சம் வலி. அதை நாங்கள் ஒரு குறையாகவே கருதவில்லை.

மன்றத்தின் முதல் விதி இது: 'தலைவருக்கு முன்னால் எவரும் நடக்கலாகாது.' மரியாதை தெரிந்த எவர்க்கும் இதில் மறுப்பு இருக்க முடியாது.

முதல் கூட்டுநடையன்று முக்கால் மலை ஏறியதும் தலைவர் ஒரு தட்டைப் பாறையில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் வந்த கூட்டம் முழுவதும் நின்றது. விசில் ஊதி நடையைத் தொடங்கி வைப்பதால் 'விசில் மாமா' என்று புகழ் பெற்ற எங்கள் துணைத் தலைவர் பணிவோடு கேட்டார்:

"தலைவரே, சிகரம் வந்தாச்சுங்களா?"

தலைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு இதுதான்யா சிகரம்."

கைதட்டல் மலையை உலுக்கியது. அடுத்த வாரமே அந்தப் பாறையருகே 'சிகரம்' என்று எழுதிய பலகையை நட்டோம். அதற்கடுத்த பருவத்தில் தலைவர் இன்னும் கொஞ்சம் கீழே, ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார். பலகையைப் பிடுங்கி மரத்தடியில் நட்டோம். அதற்கடுத்து, தண்ணீர்த் தொட்டியருகே. இப்படியாகச் சிகரம் ஆண்டுக்கு ஆண்டு முன்னேறி, அடிவாரத்து வீடுகளின் மொட்டை மாடியில் காயும் சட்டைகளின் பித்தான் தெரியும் தூரத்துக்கு வந்துவிட்டது. புகைப்படம் எடுக்கும்போது மட்டும் ஒரு சங்கடம்: சிகரத்துக்குப் பின்னால் பெரிய மலை ஒன்று தெரிந்தது. பதாகையை அகலமாக்கினோம். மலை மறைந்தது.

சிகரத்துக்குக் கீழே உள்ள பாதையை நாங்கள் பேணிய அழகைப் பாடப் பரணி வேண்டும். ஓரக் கற்களுக்கு வெள்ளையடித்தோம். சமதரையில் கைப்பிடிக் கம்பி போட்டோம். 'இது பாதை' என்று பாதையிலேயே எழுதி வைத்தோம். மேலே உள்ள பகுதியை நாங்கள் தொடவில்லை. ஏன் தொட வேண்டும்? சிகரத்துக்கு மேலே வானம்தானே!

இந்தப் பொற்காலத்தில்தான் என் அக்கா குறுக்கே வந்தார்.

அக்கா நர்ஸ். மலைக்கு அந்தப் பக்கத்து மருத்துவமனையில் வேலை. நாள்தோறும் மலையைத் தாண்டிப் போகிறவர். சாலை வழியே சுற்றிப் போனால் இரண்டு பஸ் மாற வேண்டும். நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அக்காவின் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. நான் மன்றம் நடத்துகிறேன்.

ஒரு நாள் மாலை, செருப்பெல்லாம் சேறாக வந்து நின்றார்.

"டேய், உங்க மன்றத்துல மண்வெட்டி கடப்பாரை எல்லாம் இருக்குல்ல?"

"இருக்குக்கா. கண்ணாடி பீரோவுல வச்சு பூட்டியிருக்கோம்."

"அதைக் கொஞ்சம் வெளிய எடுங்கடா. மேல் வளைவுல பாதி பாதை சரிஞ்சு கெடக்கு. வாய்க்கால் எல்லாம் அடைச்சுப் போய் தண்ணி பாதையிலயே ஓடுது. இன்னிக்குப் பாறையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத்தான் தாண்டினேன். இன்னொரு மழை வந்தா மிச்சமும் போயிடும்."

"எந்த மேல் வளைவு?"

"உங்க சிகரம் போர்டுக்கு மேல."

"அக்கா, சிகரத்துக்கு மேல பாதை எப்படிக்கா இருக்கும்?"

"அப்போ நான் வேலைக்கு எதுல போறேன்? பறந்தா போறேன்?"

"அது உன் சொந்தக் கருத்து."

கையிலிருந்த டிபன் பாக்ஸை என் தலையில் இறக்காமல் விட்டாரே, அதுதான் உடன்பிறந்த பாசம். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்: "ஏற்கெனவே ரெண்டு தடவை லேட். இனி லேட்டானா வேற ஆளைப் போட்டுக்குறேன்னு மேட்ரன் சொல்லிட்டாங்கடா. பாதை போச்சுன்னா என் வேலையும் போச்சு. அப்புறம் நீ எந்தச் சோத்தைத் தின்னுட்டு மன்றத்துக்குப் போவே?"

கேள்வி கொஞ்சம் கொச்சையாக இருந்தாலும் பொதுநலம் கருதி அதை மன்றத்தின் செயற்குழுவில் வைத்தேன்.

செயற்குழு கூடிற்று. எங்கள் சட்ட ஆலோசகரான வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரிய உண்மைகளைச் சொல்லும் முன் அவர் எப்போதும் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். 

"நல்லா யோசிச்சுப் பாருங்க. சிகரத்துக்கு மேல பாதை இருக்குன்னு ஒத்துக்கிட்டா என்ன ஆகும்? சிகரம் சிகரம் இல்லன்னு ஆகும். சிகரம் இல்லன்னா, தலைவர் சிகரம் ஏறலன்னு ஆகும். தலைவர் ஏறலன்னா, அவர் பின்னாடி போன நாம எங்கேங்க போனோம்?"

குழு நடுங்கியது.

"அந்தம்மா வேலை போயிடுமாமே?" என்றார் விசில் மாமா.

"போகட்டும்ங்க. வேற வேலை கிடைக்கும். வேற சிகரம் கிடைக்குமா?"

தலைவர் எழுந்து, "அது வந்து, எனக்கு என்னன்னா..." என்று தொடங்கினார்.

பலத்த கைதட்டல்.

"இல்லய்யா, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

மேலும் பலத்த கைதட்டல். தலைவரின் பேருரை அத்துடன் நிறைவுற்றது. 'மனுதாரர் குறிப்பிடும் வளைவு வான்வெளியில் இருப்பதால், மன்றத்தின் எல்லைக்கு உட்பட்டதன்று' என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அதை என் கையாலேயே அக்காவிடம் கொடுத்தேன். அவர் படித்தார். மடித்தார். ஆடிக்கொண்டிருந்த சமையலறை மேசையின் காலுக்கு அடியில் வைத்தார். மேசை நின்றது. மன்றத்தின் தீர்மானம் ஒன்று ஊருக்குப் பயன்பட்டதை அன்றுதான் நேரில் கண்டேன்.

அந்த ஞாயிறு மாபெரும் கூட்டுநடை. விசில் முழங்கியது. வெள்ளி வண்ணம் பூசிய மண்வெட்டிகளும் ரிப்பன் கட்டிய கடப்பாரையும் முன்வரிசையில் மின்னின. நடைக்கு அவை அழகு. தலைவர் தண்ணீர்த் தொட்டியருகே உட்கார்ந்தார். பதாகை விரிந்தது. படம் எடுப்பவர், "எல்லாரும் மூச்சு வாங்குற மாதிரி நில்லுங்க" என்றார்.

அப்போது, சிகரத்துக்கு மேலிருந்து மண்வெட்டும் சத்தம் கேட்டது.

கூட்டம் அண்ணாந்தது. பதாகையின் விளிம்புக்கு மேலே, வானம் இருக்க வேண்டிய இடத்தில், என் அக்கா! கூடவே மருத்துவமனை ஆம்புலன்ஸ் ஓட்டுநரும், அவர் மனைவியும். அவர்கள் இருவரும் அந்தப் பக்கத்திலிருந்து ஏறி வந்திருக்கிறார்கள். சரிந்த வளைவுக்கு முட்டுக் கொடுக்கப் பெரிய கல் ஒன்றை மூவரும் தோள் கொடுத்து நகர்த்திக்கொண்டிருந்தார்கள். கல்லோ பள்ளத்தின் பக்கம் நழுவியது.

"டேய் தம்பி!" அக்காவின் குரல் மன்றத்தின் விசிலைவிடப் பெரிது. "அந்தக் கடப்பாரையை எடுத்துட்டு ஓடி வாடா! கல்லு நிக்க மாட்டேங்குது!"

கடப்பாரை என் கையில்தான் இருந்தது. கால் கூடக் கொஞ்சம் துடித்தது. வக்கீல் என் சட்டையைப் பிடித்தார்.

"செயலாளரே, ஒரு அடி வச்சாலும் தலைவருக்கு மேல போயிடுவீங்க. விதி ஒண்ணு!"

"டேய், என்னடா பொம்மை மாதிரி நிக்கிறே! கை விட்டுடும்டா!" என்றார் அக்கா.

தலைவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "என்னய்யா நிக்கிறீங்க? போங்கய்யா, போய்த் தூக்குங்க!"

தலைவர் ஆணையிட்டுவிட்டார்! உணர்ச்சிவசப்பட்டோம். கைதட்டுவதற்கு வசதியாக மண்வெட்டிகளையும் கடப்பாரையையும் கீழே வைத்தோம். தட்டினோம், தட்டினோம், உள்ளங்கை சிவக்கத் தட்டினோம்.

"அடச்சே, நிறுத்துங்கய்யா!" என்று கத்தினார் தலைவர். மன்ற வரலாற்றில் அவர் முழுதாக ஆற்றி முடித்த முதல் உரை இதற்கடுத்து வந்தது: "எனக்கு முட்டி வலி, அதான் உக்காந்தேன். உங்களுக்கெல்லாம் என்னய்யா வலி?"

இதற்குள் எவ்வளவு ஆழ்ந்த தத்துவம் பொதிந்திருக்கிறது என்று நாங்கள் வியந்துகொண்டிருந்தபோதே, அவர் கடப்பாரையை எடுத்துவிட்டார். அதையே ஊன்றுகோலாக்கி, ஒரு காலை வைத்து மறுகாலை இழுத்து, சிகரத்தைக் கடந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். கல்லுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து, தன் உடலையே அதன்மேல் சாய்த்தார். கல் ஒரு முனகலோடு உட்கார்ந்தது.

மாலைக்குள் வளைவு எழுந்தது. வாய்க்கால் கீறப்பட்டது. அக்கா தன் பிளாஸ்கிலிருந்து தலைவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். அன்றிரவே கொட்டிய மழையில் தண்ணீர் ஓரமாக இறங்கிப் போனது, பாதை நின்றது. திங்கட்கிழமை அக்கா மேட்ரனுக்கு முன்பே வேலையில் இருந்தார்.

ஆனால் மன்றத்தின் மானம்? அவசரக் கூட்டம் கூட்டினோம். 'சிகரத்தை மீறிய குற்றம்' என்று குற்றப்பத்திரிகை வாசித்தார் வக்கீல்.

"ஒரு தலைவர், தான் ஏறி முடிச்ச சிகரத்துக்கு மேலயே ஏறிப் போறதுன்னா, அது தன்னையே அவமதிக்கிறது இல்லீங்களா?"

தலைவர் முழங்காலில் தைலத்தைத் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "சரிய்யா, தப்புதான். வேற ஆளைப் பாத்துக்குங்க. வர்ற ஞாயித்துக்கிழமை மேல் பாதையில இருக்குற முள்ளை வெட்டப் போறோம். யாராவது வர்றீங்களா?"

அதற்கு மட்டும் யாரும் கைதட்டவில்லை.

புதிய தலைவர் தேர்தல் கண்ணியமாக நடந்தது. பழைய தவறு மறுபடி நேரக் கூடாது என்பதால் வேட்பாளர்களின் உடல்நிலை கடுமையாக ஆராயப்பட்டது.

"எனக்கு ரொம்ப மூச்சு வாங்கும்" என்றார் விசில் மாமா.

"மூச்சு வாங்குறவரா தெரு முழுக்க விசில் ஊதுறாரு? ஏமாத்துறாருங்க!" என்று எதிர்ப்பு கிளம்பியது.

வக்கீல் முதுகுவலிச் சான்றிதழை நீட்டினார். தேதி பழையது; வலி ஆறியிருக்கலாம் என்று தள்ளப்பட்டது. கடைசியில் சோபாக் கடை முதலாளியை இருவர் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள்.

"எனக்கு ரெண்டு முட்டியும் போச்சுங்க. டாக்டரே கைய விரிச்சுட்டாரு."

அரங்கம் அதிர்ந்தது. எதிர்ப்பின்றித் தேர்வானார். சென்ற வாரக் கூட்டுநடை அவர் கடையிலேயே சிறப்புற நடந்தேறியது. 'சிகரம்' பலகை இப்போது மூன்று பேர் அமரும் சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே, மின்விசிறிக்கு நேர் கீழே நிற்கிறது.

அக்காவுக்கு மட்டும் ஆறவில்லை.

"அந்த மனுஷன் வலியோட ஏறினாரேடா. அவரை எதுக்குடா தூக்கினீங்க?"

பொதுவாழ்வு அறியாதவர் கேட்கும் கேள்வி. தலைவர் எதற்கு? வழி காட்டவா? வழிதான் மலையிலேயே கிடக்கிறதே! நாங்கள் நடக்காமல் இருக்க ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைத்தான் நாற்காலியில் உட்கார வைத்து, தலைவர் என்று அழைத்து, கைதட்டிக் கைதட்டிக் காத்து வந்தோம். அதுவே எழுந்து நடந்துவிட்டால், இத்தனை நல்ல கால்களை வைத்துக்கொண்டு ஊருக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது?