கரண்ட் வெச்ச வாய்

எங்கள் கரண்ட்டண்ணன் அளவுக்குத் தன் வாயைச் சீராட்டிய மனிதர் கோயமுத்தூரில் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தொண்ணூறுகளில் காந்திபுரத்து ஜவுளிக்கடை ஒன்றில் அவர் புடவைப் பிரிவு, நான் பில் போடுகிறவன். புகையிலை போட்டுப் போட்டு வாயில் புற்று வந்து, ரேடியேஷன் முடித்துத் திரும்பியவர் அவர். எங்கள் பக்கம் அதற்குக் 'கரண்ட் வைப்பது' என்று பெயர். அந்தப் பெயரே அவர்மேல் ஒட்டிக்கொண்டது.

அதனால் தொல்லையும் உண்டு. பக்கத்து லாட்ஜில் ஃப்யூஸ் போனால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நான் அந்தக் கரண்ட் இல்லை என்று சொல்ல மரியாதை இடம் கொடுக்காது. போய் ஃப்யூஸ் பெட்டியைப் பார்த்து வருத்தப்பட்டுவிட்டு வருவார்.

கரண்ட் வைத்ததில் அவருக்கு எச்சில் ஊறுவது நின்றுபோனது. எச்சில் இல்லாவிட்டால் பல் சீக்கிரம் சொத்தையாகுமாம். அதனால் புடவை விரிக்கும்போதே ஒரு மடக்குத் தண்ணீர். சாப்பிட்ட கையோடு உப்பும் சோடா மாவும் கலந்த நீரில் கொப்பளிப்பு. அந்தச் சத்தம் கேட்டு, முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவர்கள் மழை பிடித்துக்கொண்டதென்று வாசலை எட்டிப் பார்ப்பார்கள்.

கடைத் தையல்காரர் பாய் வீட்டுக் கல்யாணத்துக்கு அண்ணன் ஃப்ளாஸ்க்கில் ரசம் கொண்டுவந்து பிரியாணியில் ஊற்றினார். பாய் பதறிவிட்டார்.

"ஏனுங்ணா, எங்க பிரியாணி உங்களுக்கு என்னங்க பாவம் பண்ணுச்சு?"

"எச்சி ஊறலீங்க பாய். காஞ்ச சோறு எறங்கமாட்டீங்குது."

மறுசோறும் வாங்கிக்கொண்டார்.

இத்தனை கவனித்தும் ஒரு கடைவாய்ப்பல் சொத்தையாகி வலித்தது. அவருக்கு வலியைவிடப் பயம்தான் பெரிது. கரண்ட் வைத்த தாடையில் பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே அழுகிப்போகலாம், தன்னைக் கேட்காமல் யாரையும் பிடுங்க விடக்கூடாது என்று வைத்தியம் பார்த்த பெரிய டாக்டர் எச்சரித்திருந்தார்.

தெருவுக்குப் புதிதாக வந்திருந்த பல் டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் பல்லைத் தட்டிப் பார்த்தார்.

"இதப் புடுங்கிப்போடலாமுங்க."

"டாக்டருங்களே, கரண்ட் வெச்சிருக்குதுங்க."

டாக்டர் ஃபேனை அண்ணாந்து பார்த்தார். "ஆமாங்க, இப்பத்தான் வந்துச்சு. மறுபடி போறதுக்குள்ள முடிச்சுப்போடலாமுங்க."

ஊசியை எடுத்தார். அண்ணன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஃபேனுக்கு இல்லீங்க, என்ற கன்னத்துக்குங்க!"

டாக்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கேன்சருங்க டாக்டர்! ரேடியேஷன் குடுத்த தாடைங்க!" என்று கத்தினேன். டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது. ஊசியை வைத்துவிட்டு, உடனே பெரிய டாக்டருக்குப் போன் போட்டார். பிடுங்காமல் வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றலாம் என்று முடிவானது.

திரும்பும்போது என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தவர், "தாடை போயிருந்தாப் பேச்சும் போயிருக்குமே கண்ணு" என்றார். பிறகு பேச ஆரம்பித்தவர்தான். மருமகள் சமையல், சிறுவாணித் தண்ணீர், புடவைக்கு வந்த புது பார்டர் என்று நிற்கவேயில்லை. எனக்குக் கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது. அவர் வீட்டுத் திருப்பம் வந்தது. கவனிக்காதவன் மாதிரி நேராக ஓட்டிக்கொண்டு போனேன்.