நீ போ, நான் பிடிச்சிக்கிடுதேன்

சேசு மரி சூசை துணை

திரேஸ்புரம்,
ஞாயிறு மத்தியானம்.

பெருமதிப்புக்குரிய மச்சான் கஸ்பார் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை டயானாவின் கணவன் ரெமிஜியூஸ் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், தங்கள் தங்கை, பிள்ளைகள் ஜெனோவா, பனிமயராஜ், ஆக நாலு பேரும் எண்ணிக்கை குறையாமல் இருக்கிறோம். அந்த எண்ணிக்கையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தம்மாமில் வெயில் எப்படி, சாப்பாடு எப்படி, தங்கள் முழங்கால் வலி எப்படி என்பதையெல்லாம் பதிலில் விவரமாக எழுதவும்.

இந்தக் காலத்தில் எவன் காகிதத்தில் எழுதுவான் என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. வீட்டுக்கு இருப்பது ஒரே போன். அதில் நான் பேசி அனுப்புகிற ஒவ்வொன்றையும் தங்கள் தங்கை இரண்டு தரம் போட்டுக் கேட்பாள். முதல் தரம் விஷயத்துக்கு, இரண்டாம் தரம் அதில் பொய் எங்கே இருக்கிறது என்பதற்கு. காயல்பட்டினம் இல்யாஸ் நாளைக்கு விமானம் ஏறுகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். படித்ததும் கிழித்துக் கடலில் போடுங்கள். அங்கே கடல் தூரம் என்றால் குப்பைத் தொட்டியில் போட்டாலும் சரி.

முதலில் ஒரு பழைய கதை. ஆகஸ்டு மாதம் மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில், நம் சின்னவன் பனியைத் தோளில் வைத்துக்கொண்டே, பனியைக் காணோம் என்று மைக்கில் சொல்லச் சொன்னவன் நான். 'நாலு வயசுப் பையன், பச்சைச் சட்டை' என்று மைக்கில் சொல்லச் சொல்ல, 'அப்பா, நானும் பச்சைச் சட்டை'ன்னு தலைக்கு மேலே இருந்து அவன் சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அன்றைக்குத் தங்கள் தங்கை சபதம் போட்டாள். "இன்னொரு தரம் பிள்ளைக விஷயத்துல உங்க புத்தி மேயப் போச்சுன்னா, ரெண்டையும் கூட்டிக்கிட்டு வீரபாண்டியன்பட்டினத்துல எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன். நீங்க தோணியோட குடும்பம் நடத்துங்க" என்றாள். டயானா சொன்னால் செய்வாள். அவளோடு பிறந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் இல்லாத வீட்டில் நான் ஒரு ராத்திரிகூட இருக்க மாட்டேன் மச்சான், செத்துப்போவேன்.

இப்படி இருக்கையில், நேற்று சனிக்கிழமை காலையில் அவள் ஒரு நிச்சயதார்த்தத்துக்காக வீரபாண்டியன்பட்டினம் புறப்பட்டாள். போனையும் கொண்டுபோனாள். ஞாயிறு சாயங்காலம்தான் வருவாள். அதுவரை பிள்ளைகளை விட்டு ஒரு அடி நகரக் கூடாது என்று உத்தரவு. நானும் நகரவில்லை, மூன்று மணி வரை. மூன்று மணிக்குத் தோணிக்காரர் மிக்கேல் வாசலில் வந்து, கம்ப்ரஷர் பார்க்க செந்தூர்வேல் வந்திருக்கிறான், உடனே வா என்றார். மழை வருவதைக்கூட முன்னாலேயே சொல்லிவிடலாம், மெக்கானிக் செந்தூர்வேல் வருவதைச் சொல்ல முடியாது. திங்கட்கிழமை சங்கு குளிக்கப் போகணும், கடலுக்கு அடியில் அந்தக் கம்ப்ரஷர் தருவதுதான் என் மூச்சு. பனிக்கு அப்போதுதான் சோறு கொடுத்திருந்தது. அடுப்படியில் காலிச் சட்டி பானைகளை வைத்துச் சமையல் செய்துகொண்டிருந்தான். ஜெனோவாவைக் கூப்பிட்டேன். பதினோரு வயசு, ஆறாம் வகுப்பு, பொறுப்பைக் கொடுத்தால் ஜெயில் அதிகாரி மாதிரி ஆகிவிடுகிற பிள்ளை. "இருவது நிமிஷம்தாம்ளா. தம்பியக் கைய விட்டுறாத"ன்னு சொன்னேன். அவள் ஒரு தாளில் மணியை எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வெளியே விட்டாள்.

நான் சொன்னதில்தான் தப்பு வந்தது. மற்ற வீட்டுப் பிள்ளை என்றால் தம்பி கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சங்கு குளிக்கிறவன் பிள்ளைக்குக் கையை விடாதே என்றால் கயிற்றை விடாதே என்றுதான் அர்த்தம். கரண்டு வேறு இல்லை, உள்ளே புழுக்கம். அதனால் அவள் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்து, ஒரு முனையைப் பனி இடுப்பில் கட்டிவிட்டு, மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு காற்றாட வாசல்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் உங்கள் கயிறுதான் மச்சான். பன்னிரண்டு வருஷம் தோணியில் நீங்கள் எனக்காகப் பிடித்த அதே கயிறு. கயிறு பிடிக்க மச்சான்தான் வேணும், தங்கச்சி தாலியை அறுக்க எந்த அண்ணனும் சம்மதிக்க மாட்டான் என்று நம் கடற்கரையில் சும்மாவா சொன்னார்கள். நீங்கள் தம்மாம் போன இந்த இரண்டு வருஷமாக எனக்குக் கூலிக்குத்தான் ஒருவன் கயிறு பிடிக்கிறான். இறங்கும்போதெல்லாம் மேலே பார்த்துக்கொண்டே இறங்குகிறேன்.

ஜெனோவாவுக்கு இழுப்பு பாஷை எல்லாம் தெரியும், உங்கள் மடியில் உட்கார்ந்து படித்தவள்தானே. தோணியில் மேலே இருக்கிறவர் நீளமாக ஒரு இழுப்பு, பிறகு வெடுக்கென்று ஒரு சுண்டு கொடுத்தால், 'இருக்கியாலே?' கீழே இருக்கிறவன் ஒரே ஒரு சுண்டு கொடுத்தால், 'நல்லா இருக்கேன்.' பதில் வராவிட்டால் மேலே இருக்கிறவர் ஆளை இழுத்துவிடுவார். மேலே இருந்து மூன்று சுண்டு வந்தால், கையில் முத்தே இருந்தாலும் போட்டுவிட்டு அந்த நிமிஷம் ஏறிவிட வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. இதைப் பனிக்கும் ஐந்து நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அடுப்படி மூலை வாசலில் இருந்து தெரியாது. ஆனால் இவள் கேட்கும்போதெல்லாம் உள்ளே இருந்து ஒரு சுண்டு ஒழுங்காக வந்துகொண்டிருந்திருக்கிறது.

அங்கே கடற்கரையில் செந்தூர்வேல் கம்ப்ரஷரைப் பிரித்துப் போட்டுவிட்டு பீடி பற்றவைத்தான். பார்த்தால், கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்து மேலே, காலை ஆட்டிக்கொண்டு, பனி உட்கார்ந்திருக்கிறான். முழங்கால் வரை ஈரம். ரெண்டு தெரு, ஒரு மீன் வண்டிப் பாதை, அதுக்கப்புறம் கடல்.

"எப்படிலே வந்த?"

"நடந்து."

"அக்கா எங்கலே?"

"வாசல்ல. என்னயக் கயித்துல கட்டிட்டா. மாமா அவுத்து விட்டாங்க."

"எந்த மாமா?"

"ஈர மாமா. 'நீ அப்பாட்ட போ, நான் பிடிச்சிக்கிடுதேன்'னாங்க."

அவனுக்கு ஐஸ் விற்கிறவரும் மாமா, போலீஸ்காரரும் மாமா. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஜெனோவாவை என்ன செய்வது என்று வழி நெடுகப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். தெரு முனையில் திரும்பினால், வாசல்படியில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள், கையில் கயிறு. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள், "அப்பா, முப்பத்தஞ்சு நிமிஷம் ஆயிட்டு. தம்பி சமத்தா இருக்கான், பாருங்க." சொல்லிக்கொண்டே நீளமாக ஒரு இழுப்பு, ஒரு சுண்டு கொடுத்தாள். இருட்டாகக் கிடந்த வீட்டுக்குள்ளே இருந்து ஒரு சுண்டு பதில் வந்தது. அதுக்குப் பிறகுதான் என் இடுப்பில் இருந்த பனியைப் பார்த்தாள். பனி "அக்கா, நான் இங்கன இருக்கேன்"ன்னான்.

ஆடாக இருக்கும், பூனையாக இருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து, அவள் கையில் இருந்து கயிற்றை வாங்கினேன். மச்சான், இருபது வருஷம் கயிற்றை நம்பிப் பிழைக்கிறவன் நான். பாறையில் சிக்கின கயிறு எப்படி இருக்கும், அலை இழுக்கிற கயிறு எப்படி இருக்கும், ஆள் இருக்கிற கயிறு எப்படி இருக்கும் என்று என் உள்ளங்கைக்குத் தெரியும். அந்தப் பக்கம் ஆள் இருந்தது. அறுபது அடி ஆழத்தில் சுறாவைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு சங்கு பொறுக்கினவன், என் சொந்த வீட்டு வாசல்படி ஏற மாட்டாமல் நின்றேன். ஜெனோவாவைப் பார்த்து, "நீ போய்ப் பாருளா"ன்னு சொன்னேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உங்களிடம் மறைக்க மாட்டேன். அவள், "என்கிட்ட நீங்க தம்பியத்தான் ஒப்படைச்சீங்க, இதை ஒப்படைக்கல"ன்னுட்டாள்.

அப்போதுதான் கயிறு என் கையில் தானாக இறுகியது. நீளமாக ஒரு இழுப்பு, அப்புறம் ஒரு சுண்டு. என் தலைமயிர் நட்டுக்கொண்டது அந்த இடத்தில்தான். அது கீழே இருக்கிறவன் கொடுக்கிற இழுப்பு இல்லையே. அது மேலே இருக்கிறவர் கேட்கிற கேள்வி. உள்ளே இருந்தது குளிக்கிற ஆள் இல்லை, கயிறு பிடிக்கிற ஆள். இவ்வளவு நேரம் ஜெனோவா தம்பியைக் காவல் காக்கிறாள் என்று நினைத்தோம். அங்கே இருந்து யாரோ அவளைக் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் மலைத்துப்போய் நிற்கும்போதே வந்தது, சுண்டு, சுண்டு, சுண்டு. மூணு. ஜெனோவா படியை விட்டு எழுந்து, என் சட்டையைப் பிடித்து, "மூணுப்பா! மூணுக்குக் கேள்வி கேக்கக் கூடாது!"ன்னு கத்திக்கொண்டே எங்களை உள்ளே இழுத்துப் போட்டாள். நாங்கள் முன்னறையைத் தாண்டவில்லை, வாசலில் வானம் இடிந்து விழுந்த மாதிரி ஒரு சத்தம். பக்கத்து வீட்டு லிங்கராஜ் அண்ணாச்சி மாடியில் நாலு செங்கலை அடுக்கி வைத்திருந்த ஐந்நூறு லிட்டர் தண்ணித் தொட்டி, தண்ணியோடு, ஜெனோவா உட்கார்ந்திருந்த படி மேலே கிடந்தது. படி இரண்டாகப் பிளந்துவிட்டது. அண்ணாச்சி மாடியில் இருந்து எட்டிப் பார்த்து, "தொட்டிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார்.

பிள்ளைகள் இரண்டையும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன் மச்சான். ஜெனோவா முதுகைத் தடவிக் கொடுத்தாள். பிறகு மூன்று பேரும் கையைக் கோத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனோம். யாரும் இல்லை. பின்கதவு ஒரு பையன் நுழைகிற அளவு திறந்திருந்தது. கயிற்றின் அந்த முனை நடுத்தரையில் கிடந்தது, எதிலும் கட்டவில்லை. பக்கத்தில் ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்த அகலத்துக்குத் தரை ஈரம். குடம் ஒழுகியிருக்கும். இரண்டு வருஷம் ஆணியில் காய்ந்த கயிறு கடல் கொச்சை வாடை அடிக்க நனைந்து கிடந்தது. அதுவும் குடம் ஒழுகினதாகத்தான் இருக்கும். சுருட்டித் திரும்பவும் ஆணியில் மாட்டிவிட்டேன்.

இப்போது எனக்கு இரண்டு காரியம் வேண்டும். ஒன்று, தொட்டி விழுந்ததைத் தெரு முழுக்கப் பார்த்துவிட்டது, எப்படியும் டயானா காதுக்குப் போகும். நான் பிள்ளைகளைத் தனியாக விட்டது அவளுக்குத் தெரியும்போது, அவள் பெட்டி கட்டாதபடி நீங்கள் எனக்காக நாலு வார்த்தை பேச வேண்டும். உங்கள் சொல்லைத்தான் கேட்பாள். இனிமேல் பிள்ளைகளை ஒரு நிமிஷம்கூடத் தனியே விடமாட்டேன் என்று மாதா மேல் ஆணை. இரண்டாவது, சனிக்கிழமை நம்ம ஊர் நேரம் மூன்றரை மணிக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள், எங்களை நினைத்தீர்களா என்று மறைக்காமல் எழுதுங்கள். அந்த நீள இழுப்பு அப்படியே உங்கள் கை. உங்கள் மனசுதான் கடல் தாண்டி வந்து கயிறு பிடித்தது என்று நான் நம்பிவிட்டேன். அப்படி நம்பித்தான் நேற்று ராத்திரி தூங்கினேன்.

தங்களுக்கு நீடித்த ஆயுளும், முழங்காலுக்குச் சுகமும், சீக்கிரம் ஊர் திரும்பும் பாக்கியமும் மாதா அருள்வாளாக. பிள்ளைகள் இருவரும் மாமாவுக்குத் தோத்திரம் சொல்லுகிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் கயிற்றில் தொங்கும்
ரெமிஜியூஸ்

பின்குறிப்பு: அண்ணா, டயானா எழுதுறேன். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே ஊருல இருந்து வந்துட்டேன். உறையை ஒட்ட ஜெனோவாவைச் சோறு எடுத்துட்டு வரச் சொன்னாராம். அவ சோத்தோட என்னையும் கூட்டிட்டு வந்துட்டா. முழுசும் படிச்சேன். விட்டுட்டுப் போனதுக்கு அவருகிட்ட தனியாப் பேசிக்கிடுதேன், நான் எங்கேயும் போகல, அது கிடக்கட்டும். அது நீங்க இல்லண்ணா. சனிக்கிழமை மூணரைக்கு நீங்க என்கூட வீடியோவுல பேசிக்கிட்டிருந்தீங்க. சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டு முழங்கால் வலியைப் பத்தித்தான் சொன்னீங்க, எங்களையெல்லாம் நினைச்ச மாதிரியே தெரியல. இன்னொண்ணு. காலையில கிளம்பும்போது என் பை ஜிப்பு பிஞ்சுபோச்சு. கதவுக்குப் பின்னால ஆணியில தொங்கின உங்க கயித்தை எடுத்துத்தான் பையைக் கட்டிக்கிட்டுப் போனேன். முனையில நீங்க போட்ட நீலத்துணி முடிச்சோட ரெண்டு நாளா அது என்கூடத்தான் இருந்தது. இப்பவும் பையோட என் காலடியில கிடக்கு, இன்னும் அவுக்கல. ஆணியில இவரு சுருட்டி மாட்டியிருக்கிற கயிறு நம்ம கயிறே இல்ல. அதுல துணி இல்ல, இன்னும் காயவும் இல்ல. இதை எழுதிக்கிட்டிருக்கும்போதே அது நீளமா ஒரு தடவை இறுகி, ஒரு சுண்டு சுண்டிச்சு. அவரு எந்திரிச்சு என் பின்னால வந்து நின்னுக்கிட்டாரு. ஜெனோவாதான் என் மடியில இருந்து இறங்கிப் போயி, கயித்தைப் பிடிச்சு ஒரே ஒரு சுண்டு சுண்டிட்டு வந்தா. ஏளா, ஏன் தொட்டன்னு கேட்டேன். "நல்லா இருக்கோம்னு சொல்லணும்லாம்மா, பாவம், அவங்க பயந்துருவாங்கள்ல"ங்கா.