பெரியப்பாவுக்கு மைனஸ் இருபது

“பெரியப்பாவை வெட்டிடலாம்” என்றார் தராசுக்காரர், போனில்.

சொல்லி முடித்த பிறகுதான் கூடம் அமைதியாக இருப்பதைக் கவனித்தார்.

புதன்கிழமை, காலை பதினொன்றரை. எடை இயந்திரங்களைச் சரிபார்த்து முத்திரை வைத்து அனுப்பும் பட்டறை அது. எதிர் மேஜையில் ஸ்டோர்ஸ் அக்கா ஐந்து கிலோ எடைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணி நின்றது.

“யாரை?”

“யாரையும் இல்லக்கா.”

“பெரியப்பான்னீங்க. வெட்டிடலாம்னீங்க.”

“கால்” என்றார் தராசுக்காரர். “பெரியப்பாவோட கால். சர்க்கரை வியாதி. எடுத்துடணும்கிறாங்க.”

“ஐயோ. எந்தக் கால்?”

அதை அவர் யோசித்திருக்கவில்லை. “இடது.”

அவருக்குப் பெரியப்பாவே கிடையாது. பெரியப்பா என்பது ஒரு நகரம்.

குடும்பத்தோடு வெளிநாடு போவது முடிவாகிவிட்டது. நாடும் முடிவாகிவிட்டது. எந்த நகரம் என்பதுதான் பாக்கி. ஏஜெண்ட் கொடுத்த படிவத்தில் அதற்கு ஒரே ஒரு கட்டம். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டும். கூடவே, பதினொரு வருடம் இங்கே வேலை பார்த்தார் என்று மேலாளர் கையெழுத்துப் போட்ட கடிதமும் வேண்டும்.

மேலாளருக்கு விஷயம் தெரியக் கூடாது. போன வருடம் ஒருவர் வெளிநாடு போகிறேன் என்று வாயைத் திறந்தார். அவருடைய கடிதம் மேலாளர் மேஜையில் எட்டு மாதம் கிடந்தது. கடைசிவரை அதன்மேல் டீ டம்ளர் விழுந்ததே தவிர கையெழுத்து விழவில்லை.

அதனால்தான் சங்கேதம். யோசனை பத்து வயது மகளுடையது.

“சொந்தக்காரங்க பேரா வெப்போம்பா. நமக்கு இல்லாத சொந்தமா. அப்பத்தான் குழம்பாது.”

குளிர் நகரம் பெரியப்பா. மழை நகரம் சித்தி. கடலோர நகரம் அத்தை.

எந்த ஊர் என்பதில் தராசுக்காரருக்குத் தனிக் கருத்து இல்லை. மகளுக்குப் பள்ளிக்கூடம், மனைவிக்குப் பல் மருத்துவமனையில் உதவியாளர் வேலை, இரண்டும் கிடைத்தால் சரி. அவருக்கு வேண்டியது ஒன்றுதான். இந்த மேலாளர் இல்லாத ஊர். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் போன் செய்து, “தூங்குறீங்களா?” என்று கேட்கும் மனிதர் அவர். அந்த வகையில் மூன்று நகரங்களும் சம எடை.

மதியச் சாப்பாட்டுக்குள் பெரியப்பாவின் இடது கால் பட்டறை முழுக்க நடந்துவிட்டது.

மூன்று மணிக்கு மனைவி மறுபடி அழைத்தாள். பின்னணியில் பல் குடையும் சத்தம்.

“ஏஜெண்டைக் கேட்டேங்க. பெரியப்பாவுக்கு மைனஸ் இருபதாம்.”

“மைனஸ் இருபதா! அவ்வளவு ஜில்லுன்னு இருந்தா பாப்பா எப்படித் தாங்குவா? பெரியப்பா கதை முடிஞ்சது. விடு.”

போனை வைத்தார். ஸ்டோர்ஸ் அக்கா எழுந்து நின்றிருந்தார். கண்களில் நீர்.

“ஜில்லுன்னு ஆயிட்டாரா?”

இல்லை என்றால் மைனஸ் இருபதுக்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

“ஆயிட்டார்க்கா.”

மூன்றேகாலுக்கு மேலாளர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். இயந்திரங்களை நிறுத்தச் சொன்னார்.

“ரெண்டு நிமிஷம்.”

பதினெட்டுப் பேர் எழுந்து நின்றார்கள். பார்த்தேயிராத ஒரு நகரத்துக்காகத் தராசுக்காரர் தலை குனிந்தார். கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. அங்கே வாடகை குறைவு.

ஒன்றரையாவது நிமிடத்தில் அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. அணைக்கப் போய் எங்கோ அழுத்திவிட்டார். மனைவியின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

“என்னங்க, சித்தியையும் தூக்கிடலாமா?”

பதினெட்டுத் தலைகள் நிமிர்ந்தன.

“சித்தியுமா?” என்றார் ஸ்டோர்ஸ் அக்கா.

“சேச்சே. சித்தி நல்லா இருக்காங்க. என்ன, எந்நேரமும் அழுகை.”

“அழ மாட்டாங்களா பின்ன? வீட்டுல எழவு விழுந்திருக்கு.”

“இதுக்கு இல்லக்கா. அவங்க ரொம்ப வருஷமாவே அப்படித்தான்.”

“ரொம்ப வருஷமாவா?” ஸ்டோர்ஸ் அக்கா குரலைத் தாழ்த்தினார். “உங்க பெரியப்பாவுக்காகவா?”

அந்தத் தாழ்ந்த குரலுக்குள் ஒரு பழைய காதல் கதை எழும்பி நிற்பது தராசுக்காரருக்குத் தெரிந்தது. அதை உடனே இடிக்க வேண்டும்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. எங்களுக்கு சித்தி வேணாம். நாங்க அத்தையோடவே செட்டில் ஆயிடறோம்.”

யாரோ ‘ப்ச்’ கொட்டினார்கள்.

“பெரியவர் போய்க் கால் மணி ஆகல” என்றார் ஸ்டோர்ஸ் அக்கா, எடைக்கல்லைப் பார்த்து. “அதுக்குள்ள அத்தை வீட்டுக்கு மூட்டை கட்டியாச்சு.”

மேலாளர் விரலால் கூப்பிட்டார். “உள்ள வாங்க.”

கண்ணாடி அறையில் தராசுக்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மேலாளர் பென்சிலைச் சீவத் தொடங்கினார். அவர் பென்சில் சீவினால் விசாரணை நீளும்.

“பெரியப்பா எத்தனை நாளா இப்படி?”

“அக்டோபர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் சார்.”

சொன்ன பிறகுதான் இது ஆகஸ்ட் என்று ஞாபகம் வந்தது.

“வருஷா வருஷமா?”

“வருஷா வருஷம் சார்.”

“பாவம்” என்றார் மேலாளர். “சித்தி தினமும் அழுவாங்களா, விட்டு விட்டா?”

“விட்டு விட்டுத்தான் சார். சாயங்காலத்துல ஜாஸ்தி.”

“ஓன்னு அழுவாங்களா?”

“சத்தமே இருக்காது. ஆனா நாள் பூரா.”

“அதுதான் ரொம்பக் கஷ்டம். அத்தை?”

“அத்தை நல்ல மாதிரி சார்.”

“கோவக்காரங்களா? சூடு?”

“மிதமா இருப்பாங்க.”

“செலவாளியா?”

“கொஞ்சம்.”

மேலாளர் பென்சில் முனையை ஊதினார். “குடும்ப விஷயம். அவசரப்பட்டு முடிவு எடுக்கக் கூடாது. நாளைக்கு சாயங்காலம் வீட்டுக்கு வரேன். வீட்டுக்காரியும் வருவா.”

“எதுக்கு சார் உங்களுக்குச் சிரமம்?”

“துக்கத்தை ஆபீஸ்லயே விசாரிச்சு முடிச்சுக்க முடியுமாய்யா?”

வீட்டில் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ஊரை வெட்டச் சொன்னா ஆளைக் கொன்னுட்டு வந்து நிக்கிறீங்க.”

“தானா நடந்துபோச்சு.”

“தானா எப்படி நடக்கும்? முதல்ல காலை வெட்டினது யாரு?”

வியாழக்கிழமை முழுக்க ஏற்பாடு. சுவரிலிருந்த, போகப்போகும் நாட்டின் வரைபடத்தைக் கழற்றினார்கள். கழற்றிய இடம் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தது. அங்கே செத்தவரின் படத்தை மாட்டிவிடலாம் என்றாள் மனைவி. பிறக்கவே பிறக்காத ஆளின் படத்துக்கு எங்கே போவது என்றார் தராசுக்காரர்.

மகள் பரணிலிருந்து ஒரு போட்டோ சட்டத்தை எடுத்து வந்தாள். கடையில் வாங்கியபோதே அதற்குள் ஒரு மாதிரிப் படம் இருந்தது. கோட்டுப் போட்ட ஒருவர், தோளில் கோல்ஃப் மட்டையோடு, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இவரைப் பார்த்தா செத்தவர் மாதிரியா இருக்கு?” என்றார் தராசுக்காரர்.

“சாகறதுக்கு முன்னாடி எடுத்ததுப்பா” என்றாள் மகள்.

மேலாளர் ஆறு மணிக்கு வந்தார். கையில் மலர்வளையம். அவருக்குப் பின்னால் கைப்பையை மார்போடு அணைத்தபடி அவர் மனைவி. மேலாளர் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

“நல்ல பல்லு” என்றார்.

“கடைசி வரைக்கும் ஒண்ணுகூட ஆடல சார்” என்றாள் தராசுக்காரர் மனைவி. தொழில் பழக்கம்.

மேலாளர் மனைவி படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“அத்தைகிட்ட உனக்கு என்ன கண்ணு பிடிக்கும்?”

“கடல்” என்றாள் மகள்.

“கடல் மாதிரி மனசுங்க அவங்களுக்கு” என்றாள் தாய் அவசரமாக.

“கூட்டம் இருக்குமா அங்க?”

“சாயங்காலம் அஞ்சுலேர்ந்து ஏழு வரைக்கும்தான்” என்றாள் மகள்.

“வந்து போற ஜனம் ஜாஸ்திங்க. தங்கமான அத்தை” என்றாள் தாய்.

“படிப்புக்கு எப்படி?”

“அத்தைக்கு உள்ளயே எழுபது ஸ்கூல் இருக்கு ஆன்ட்டி.”

தாய் மகளின் தொடையைக் கிள்ளினாள். “அனுபவத்தைச் சொல்றாங்க. எழுபது ஸ்கூல்ல பாடம் எடுத்தவங்க எங்க அத்தை.”

“எழுபதா?” என்றார் மேலாளர் மனைவி.

“ஒரே இடத்துல இருக்க மாட்டாங்க.”

மேலாளர் மனைவி தலையசைத்தார். சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரி பக்கமா என்று கேட்டார். தண்ணீர் எப்படி என்று கேட்டார். அத்தை வீட்டுக்குப் போக எத்தனை பஸ் மாற வேண்டும் என்று கேட்டார். தராசுக்காரருக்கு அக்குள் நனைந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர் இவ்வளவு விசாரிப்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

பேச்சு ஓய்ந்த ஒரு நொடியில் அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். பதினொரு வருடமும் அந்த ஒரு தாளில் இருந்தது.

“சார், ஒரு சின்ன கையெழுத்து. நான் உங்ககிட்ட இத்தனை வருஷமா வேலை பாக்கறேன்னு. அத்தை எழுத்துல கேக்கறாங்க.”

சொல்லும்போதே அவருக்கே நம்பிக்கை இல்லை. எந்த அத்தை எழுத்தில் கேட்பாள்?

மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் படித்தார். ‘நேர்மையானவர்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘மிகவும்’ என்று எழுதிச் சேர்த்தார். கையெழுத்துப் போட்டார். பையிலிருந்து ரப்பர் முத்திரையை எடுத்தார். குத்தினார்.

“அத்தை கேட்டா குடுத்துத்தானே ஆகணும்” என்றார்.

தராசுக்காரர் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இந்த மனிதரையா இத்தனை காலம் திட்டினோம். பதினொரு வருடத்தில் முதல்முறையாக அவர்மேல் பிரியம் வந்தது. இனிமேல் பார்க்க வேண்டியதில்லை என்பதால் தாராளமாகவே வந்தது.

வாசல்வரை போய் வழியனுப்பினார். கதவைச் சாத்தினார். மூவரும் அசையாமல் நின்றார்கள். முதலில் மகள் குதித்தாள்.

“சீக்கிரம் எழுது” என்றாள் மனைவி. “உங்கப்பா இன்னொரு ஆளைக் கொல்றதுக்குள்ள.”

படிவத்தின் கட்டத்தில் மகள் அத்தையின் நிஜப் பெயரை மையால் எழுதினாள், அழகான கையெழுத்தில். அடியில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருந்ததைத் தராசுக்காரர் வாய்விட்டுப் படித்தார். அடித்தல் திருத்தல் இருந்தால் படிவம் செல்லாது. ஒருமுறை கொடுத்த ஊரை மாற்ற முடியாது.

“எதுக்கு மாத்தப் போறோம்?” என்றார். ஜன்னலைத் திறந்தார். காற்று வந்தது.

கீழே வாசலில் இருவரும் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். மேலாளர் மனைவியின் குரல் தெளிவாகக் கேட்டது.

“அப்ப நம்ம படிவத்துலயும் அத்தையையே எழுதிக் குடுத்துடலாங்க. பெரியப்பா குளிரும் வேணாம், சித்தி மழையும் வேணாம். இவங்க பக்கத்து வீடே கிடைக்குதா பாருங்க.”