சூரியனுக்கு ஏரியல் கட்டிய அண்ணை

தன் வாயாலேயே தனக்குக் குழி தோண்டும் ஆட்கள் உலகத்தில் பலருண்டு. வந்தவருக்குத் தேத்தண்ணியும் கொடுத்து, சிரித்துக்கொண்டே தோண்டியவர் எங்கள் ஏரியல் அண்ணை ஒருவர்தான்.

2012இல் பென்டில் ஹில்லில் ஒரு வாடகை வீட்டில் அவர், தவம், நான் என மூன்று பேர் இருந்தோம். மூவரும் அகதிகளாகப் படகில் வந்தவர்கள். பாதுகாப்புச் சோதனை முடிந்து கடிதம் வந்தால்தான் விசா. விசா வந்தால்தான் அண்ணை மன்னாரிலிருந்து மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். நானோ, பொலிஸ் காரைக் கண்டாலே நடையைத் திருத்துகிற ஆள்.

அண்ணை ஊரில் ரேடியோ திருத்தியவர். பழஞ்சாமான் கடையில் விண்வெளிப் புத்தகம் ஒன்றை வாங்கிவந்த நாளோடு எங்கள் நிம்மதி போயிற்று. அறுபதுகளின் கடைசியில், வானத்து ரேடியோ இரைச்சலைக் கேட்பதற்கென்றே அமெரிக்கர் ஒரு செயற்கைக்கோளை அனுப்பினார்களாம். அளவுநாடா போலச் சுருட்டிவைத்த ஏரியல்கள் மேலே போய் விரிந்து, பெரிய எக்ஸ் எழுத்தாக நின்றனவாம்.

“மேல போய்க் கேட்டா, எங்கட பூமிதானடா பெரிய இரைச்சல்! அதால அடுத்ததைச் சந்திரனுக்கே அனுப்பினவங்கள். சந்திரன்ர முதுகுக்குப் பின்னால நிண்டா பூமி கேக்காது.”

“அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?” என்றேன்.

“சந்திரனுக்குப் போகேலாது. பின்வளவுக்குப் போகலாம்தானே?”

அடுத்த சனிக்கிழமை பின்வளவில் நான்கு கம்பம், குறுக்கும் நெடுக்கும் கம்பி, நடுவில் ஒரு பழைய ரேடியோ. பாதுகாப்புச் சோதனைக்குக் காத்திருக்கும் மூன்று தமிழர் வீட்டில், வானத்தைப் பார்த்து ஏரியல்!

“ஐயோ, கழட்டுங்கோ அண்ணை!” என்று கெஞ்சினேன்.

“சூரியனைக் கேக்கிறதுக்கும் விசா வேணுமோ?”

சூரியன் பொங்கினால் ரேடியோவில் கடலிரைச்சல் கேட்குமாம். தினமும் காலை பத்திலிருந்து பதினொன்று வரை ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, கேட்டதையெல்லாம் கொப்பியில் எழுதுவார். எனக்கும் ஒருமுறை கேட்டுப் பார்க்க ஆசைதான். வெளியே சொல்லவில்லை.

ஒருநாள் எங்கள் விவகாரங்களைக் கவனிக்கும் வெள்ளைக்காரப் பெண்மணி வீடு பார்க்க வந்தார். அதற்கு முன்பே நானும் தவமும் வீட்டிலிருந்த சாரங்கள், துவாய்கள், ஜன்னல் சீலை வரை அந்தக் கம்பிகளில் காயப்போட்டுவிட்டோம். அவர் பார்த்து, “நல்ல பெரிய உடுப்புக் கொடி” என்று ஆங்கிலத்தில் பாராட்டினார். தப்பினோம் என்று மூச்சுவிட்டேன்.

“நோ, நோ, மேடம்! நொட் குளோத்ஸ்லைன்!”

அண்ணை சாரங்களை ஒவ்வொன்றாக உருவினார். அரை மணித்தியாலம் சந்திரன் வரைக்கும் கூட்டிப்போய், தேத்தண்ணி கொடுத்து, அவர் காதிலும் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டார். அம்மணி ஏதோ குறித்துக்கொண்டார். நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இரண்டு கிழமையில் அண்ணைக்கு மட்டும் விசாரணைக்கு அழைப்பு வந்தது. “முடிஞ்சுது கதை,” என்றான் தவம்.

அன்று காலை சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு அண்ணை என்னிடம் வந்தார். “தம்பி, பத்து மணிக்குக் கேக்க ஆளில்லை. நீ இருப்பியோ?”

எனக்கு வந்ததே கோபம்! “உங்களுக்கென்ன விசரோ? மனிசி பிள்ளையை யோசிச்சனீங்களோ?”

“நாள் முழுக்க அதைத்தானடா யோசிக்கிறன். இந்த ஒரு மணித்தியாலந்தான் யோசிக்கிறேல்லை.”

பத்து மணிக்கு ரேடியோ முன்னால் போய் உட்கார்ந்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது, புல்வெட்டி ஓடியது, அதையும் எழுதினேன். பத்து நாற்பதுக்கு அந்தக் கடலிரைச்சல் மெல்ல ஏறி, அலை கரைக்கு வருவதுபோலப் பொங்கி, இறங்கியது. “தவம், ஓடி வா!” என்று கத்தினேன். அவன் வேலைக்குப் போயிருந்தான்.

பின்னேரம் அண்ணை திரும்பினார். “என்ன கேட்டவை?” என்றேன்.

“ஏரியலைப் பற்றித்தான். கேள்விக்கு மேல கேள்வி. ஒண்டையும் ஒளிக்கேல்லை. கொப்பியை எடு!”

வாசித்தவர் பத்து நாற்பதுக்கு வந்ததும் என் முதுகில் ஒரு போடு போட்டார்.

ஒன்றரை மாதம் கழித்து அண்ணைக்குக் கடிதம் வந்தது. அவர் அதைத் தவத்திடம் நீட்டினார், அவன்தான் பிரித்தான். சோதனை முடிந்தது, விசா உண்டு. சந்திரன் வரைக்கும் கதைக்கிற மனுசன் அப்படியே படியில் குந்திவிட்டார். நான் அவரைக் கட்டிப்பிடித்து, தெருவே கேட்க அழுதேன், சிரித்தேன், மன்னாருக்கு ஃபோன் போடச் சொல்லிக் கத்தினேன்.

தவம் என் தோளைத் தொட்டு, “உனக்கும் வந்திட்டுதோடா?” என்று கேட்டான். அப்போதுதான் என் கடிதம் இன்னும் வரவில்லை என்பதே எனக்கு நினைவுக்கு வந்தது.