நரிக்கும் பன்றிக்கும் தொடர்பு இல்லை

காட்டில் யார் யாரோடு பழகுகிறார்கள் என்பதைக் கண்டறிவது அரசின் தலையாய கடமைகளில் ஒன்று. அந்தக் கடமையின் கடைசி நுனியில் ஒரு கணினி, ஒரு நாற்காலி, அதில் நான்.

நரிகளுக்கும் காட்டுப்பன்றிகளுக்கும் கழுத்துப்பட்டை மாட்டி விட்டிருந்தார்கள். இரண்டு பட்டைகள் ஒரு முழத்துக்குள் வந்து கொஞ்சம் நின்றால், என் திரையில் 'தொடர்பு' என்று பச்சை விளக்கு எரியும். ஒன்றின் நோய் இன்னொன்றுக்கு எப்படித் தொற்றுகிறது என்று அதை வைத்துப் படிப்பார்களாம். விளக்கு எரியவே இல்லை. மாதக் கடைசிக்குள் எரியாவிட்டால் எங்கள் பிரிவையே மூடிவிடுவார்கள். தற்காலிக ஊழியரான நான் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"விலங்குகள் போதிய ஒத்துழைப்பு நல்குவதில்லை," என்றார் அதிகாரி.

"நமக்கு அவசரம்னு அதுங்களுக்குத் தெரியாதுல்ல சார்."

கோளாறு பட்டையிலா பன்றியிலா என்று அவர் ஆழ்ந்து சிந்தித்தார். தொடர்பு ஐயத்துக்கு இடமின்றி உள்ள இருவருக்கு மாட்டிப் பார்ப்பது என முடிவாயிற்று. அலுவலகத்தில் அப்படி இருந்தது நானும், அங்கேயே ஜீப் ஓட்டும் என் வீட்டுக்காரரும்தான். எனக்கு நரிப் பட்டை, அவருக்குப் பன்றிப் பட்டை. கழுத்தளவு பார்த்துத்தான் கொடுத்தார்கள். டைப்பிஸ்ட் அக்கா, தன் புடவைக்குப் பொருத்தமாய் ஒன்று கிடைக்குமா என்று விசாரித்தார்.

எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒரே வீடு, ஒரே கட்டில், வேலை தப்பித்தது.

"அப்பா பன்னியா அம்மா?" என்றாள் மகள்.

"வேலைக்காகத்தான்டி செல்லம்."

ஒரு வாரம் கழித்து அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு தடவைகூட எரியலையேம்மா. வீட்டுல சண்டையா?"

"சண்டை போட்டிருந்தா கிட்ட வந்திருப்போமே சார்."

சொன்ன பிறகுதான் யோசித்தேன். காலையில் நான் அடுப்படியில், அவர் கண்ணாடி முன்னால். சாயங்காலம் அவர் அவருடைய செல்போனில், நான் என்னுடையதில். கட்டிலில் எங்களுக்கு நடுவே மகள், அதுவும் குறுக்கே. இதையெல்லாம் அறிக்கையில் எழுத முடியுமா?

"பட்டை கோளாறு சார்," என்றேன்.

"சுத்தக் கோளாறு," என்றார் வாசலில் நின்ற என் வீட்டுக்காரர். நாங்கள் ஒருமனதாய்ப் பேசி எத்தனை நாளாயிற்று!

"இறக்குமதி செஞ்ச பொருள்மா, அப்படி இருக்காது," என்ற அதிகாரி, தானே சோதித்துவிடுவதாக ஒரு ஜோடிப் பட்டையைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனார். சில நாளில் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"பட்டை கோளாறுதான்."

உடனே சுற்றறிக்கை வந்தது. அறிவியல் வளர்ச்சியைக் கருத்திற்கொண்டு, ஒரே காட்டில் இருந்தாலே இனி தொடர்பு எனக் கொள்ளப்படும். திரை முழுக்கப் பச்சை. நரியும் பன்றியும் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாய் நின்றுகொண்டே நெருங்கிப் பழகின. பிரிவு பிழைத்தது, நானும் பிழைத்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் அடுத்த அறையிலிருந்து செல்போனில் மெசேஜ் போட்டுக் கேட்டார்: "சாப்பிட வரட்டா?"

"வாங்க," என்று அனுப்பினேன். அரசு ஆவணப்படி நாங்கள் ஒரு கணமும் பிரிந்ததே இல்லை.